பின்வரிசை ஈட்டிக்காரர்கள்

தளபதி என்று அவளுக்குப் பேர் வைத்தவர் அவள் வீட்டுக்காரர்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வேலையிலிருந்து பசியோடு வந்தவர், சாப்பாட்டு மேசையில் எள் விழ இடமில்லாமல் ஒரு பொம்மைக் குதிரைப்படை வண்ணம் பூசிக் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். தட்டைக் கையில் ஏந்தி, சுவரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகும்போது, "தளபதி, போர் எப்ப முடியும்?" என்று கேட்டார். அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாத்தனார் முதல் மாடிப்படி பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவள் தளபதிதான். நாமும் அப்படியே கூப்பிடலாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தளபதிக்குப் பிழைப்பு பல் செட் செய்வது. மெழுகில் பல் செதுக்குவாள், ஈறுக்கு நிறம் சேர்ப்பாள், பக்கத்துப் பல்லோடு வித்தியாசம் தெரியாதபடி சாயம் ஏற்றுவாள். பதினேழு வருஷமாக ஒரே லேப், ஒரே நாற்காலி, ஒரே பூதக்கண்ணாடி. இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் பல்லைக் காட்டிச் சிரிப்பதே இவள் தயவில்தான் என்று முதலாளி சொல்வார். புதிய பல்லைப் பழைய பல்லோடு சேர்த்துவிட்டால் எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு. கொஞ்சநஞ்சக் கர்வம் என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே உண்டு.

மாலையில் வீட்டுக்கு வந்தால் சிப்பாய்கள். பழைய காலத்துப் போர்களை மேசைமேல் மறுபடி நடத்திப் பார்க்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. இவள் ஊரில் அந்தக் கூட்டம் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் கூடி, பச்சைத் துணி விரித்து, அளவு நாடாவும் பகடையுமாக மன்னர்களைத் தோற்கடிப்பார்கள். ஆறு பேர் ஆண்கள். அந்த ஆறு பேரும் தளபதியின் படையைக் கண்டால் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார்கள்.

காரணம் இருந்தது. அவர்கள் ஆடுவது இருப்பதிலேயே மிகச் சின்ன அளவு. ஒரு சிப்பாய் நின்றால் ஒரு அரிசிமணி உயரம்தான். அவனுக்குக் கண் மூக்கு வரைவது வீண் வேலை. முகத்துக்கு ஒரு புள்ளி, கேடயத்துக்கு ஒரு தொடுகை, ஈட்டிக்கு ஒரு இழுப்பு. பிறகு மேலே கருஞ்சாயத்தை நீராகக் கரைத்து ஓடவிட்டால் பள்ளங்களில் அது தங்கி, தூரத்திலிருந்து பார்க்கும்போது ஆட்கள் உயிரோடு நிற்பதுபோல் ஒரு மயக்கம் வரும். ஒரு ஆளுக்கு முகம் தேவையில்லை, ஒரு படைக்குத்தான் முகம் வேண்டும் என்று தளபதி புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வாள். அவர்களை நிறுத்துவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப் பலகையில். வெள்ளைப் பசை தடவி, மணல் தூவி, மணலுக்கு மண்நிறம் ஏற்றி, கடைசியில் பொடிப்பொடியான செயற்கைப் புல் ஒட்டினால் ஒரு பலகை முடிந்தது. அப்படி இருபது பலகை சேர்ந்தால் ஒரு படை.

இந்தச் சிப்பாய்கள் வார்ப்பிலிருந்து நாலு நாலு பேராக, ஒரு சின்னப் பட்டையில் கால் ஒட்டியபடி வருவார்கள். எல்லோரும் அந்தப் பட்டையை அப்படியே பலகையில் ஒட்டிவிடுவார்கள். தளபதி மட்டும் ஒவ்வொருவனையும் தனித்தனியாக வெட்டி எடுத்து, ஒருவன் சற்று முன்னே, ஒருவன் சற்றுத் திரும்பி என்று நிறுத்துவாள். சண்டைக்குப் போகிறவன் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி வரிசை பிடித்தா நிற்பான் என்பது அவள் கேள்வி. ஒரு பலகைக்குப் பன்னிரண்டு பட்டை, நாற்பத்தெட்டு ஆள், பன்னிரண்டு பேராக நாலு வரிசை. அவள் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

பயம் என்றால் என்னவென்று அவளுக்கு முப்பத்தொன்பது வயது வரை தெரியாது. பிறகு, ஒன்பது வருஷக் காத்திருப்புக்கு அப்புறம், வாண்டு பிறந்தாள். அன்றிலிருந்து தளபதி ராத்திரியில் நாலு தடவை எழுந்து குழந்தையின் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்க்கிற ஆளாகிவிட்டாள். மேசை விளிம்பு, பக்கெட் தண்ணீர், ஜன்னல் கம்பி, சட்டைப் பொத்தான் எல்லாமே எதிரி. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கிற மனிதர். அவர் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். அப்பேர்ப்பட்டவர், குழந்தை தவழ ஆரம்பித்த அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பழைய பொம்மைச் சிப்பாய்களைக் காரீயத்தில் வார்ப்பார்களாமே, அது உடம்புக்குள் போனால் விஷமாமே, நம் வீட்டில் அது ஏதாவது இருக்கிறதா என்று.

இல்லை என்றாள். அன்றைக்கு அது உண்மைதான். அவள் வாங்குவதெல்லாம் புதிய வார்ப்பு, வெள்ளீயம் கலந்தது, காரீயம் சேராதது. இனிமேலும் வராது என்று சொல்லி, குழந்தையின் தலையில் கையும் வைத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அதோடு விட்டுவிட்டார். அவருடைய சுபாவம் அது. ஒரு தடவை நம்பினால் திரும்பக் கேட்க மாட்டார்.

அந்தச் சத்தியம் ஒன்றரை வருஷம் தாங்கியது.

ஈட்டிக்காரர் படை ஒன்றை அவள் ஆரம்பித்து, மூன்று வரிசை முடித்து, நாலாவது வரிசைக்கு ஆள் வாங்கப் போனபோது, அந்த வார்ப்பையே நிறுத்திவிட்டதாகப் பதில் வந்தது. இருபது பலகை, பலகைக்குப் பன்னிரண்டு, மொத்தம் இருநூற்று நாற்பது பேர் குறைந்தார்கள். பல் போன வாய் மாதிரி அந்தப் படை அலமாரியில் மூன்று மாதம் நின்றது. அவளால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியவில்லை. அந்த நேரத்தில்தான் கூட்டத்தில் ஒருவரான ஓய்வுபெற்ற சர்வேயர், மகன் வீட்டோடு போய்ச் சேரும் முன் தன் பெட்டிகளைக் காலி செய்தார். அவளிடம் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். உள்ளே பழைய வார்ப்பு ஈட்டிக்காரர்கள், அதே உயரம், அதே நிலை, இருநூறு பேருக்குக் குறையாது. "பழசும்மா, காரீயம். வீட்ல குழந்தை இருக்கு, பாத்துக்கோ" என்று அவர் சொல்லத்தான் செய்தார்.

அவள் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சொன்னால் வேண்டாம் என்பார், ஆகவே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்ய அவளுக்குப் பேருந்தில் இரண்டு நிறுத்தம் போதுமாயிருந்தது. பால்கனியில் வைத்து அரத்தால் பிசிறுகளை ராவினாள். ராவிய தூளை ஈரத் துணியால் துடைத்துக் கட்டி எறிந்தாள். வண்ணம் பூசி மெருகெண்ணெய் ஏற்றிவிட்டால் உள்ளே எந்த உலோகம் இருந்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பழைய ஆட்கள் போதாமல் மிச்சத்துக்குத் தன்னிடம் உதிரியாகக் கிடந்த புதிய ஆட்களைப் போட்டு நிரப்பினாள். வித்தியாசம் தெரியக் கூடாதே என்று எல்லோருக்கும் ஒரே சாயம் ஏற்றி, ஒரே தட்டில் கொட்டிக் கலந்து, கைக்கு வந்தவனை எடுத்துப் பின்வரிசையில் ஒட்டினாள். தொழில்காரி இல்லையா, கலந்த பிறகு அவளாலேயே பிரிக்க முடியவில்லை. அதை நினைத்து அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை வாண்டுக்கு இரண்டரை வயது. ஒரு வாரமாக நெஞ்சில் சளி. மூச்சு விடும்போது உள்ளே பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்காகவே தளபதி லேபுக்கு லீவு போட்டிருந்தாள். மறுநாள் போர். கடைசிப் பலகை ஒன்றுக்கு மட்டும் பின்விளிம்பில் புல் ஒட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை நிறுத்திய பின்வரிசை. பசை முழுதாக இறுகவில்லை. குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து, பலகையைத் திருப்பி, பின்பக்கம் தன்னைப் பார்க்க மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

கூடத்தில் போன் அடித்தது. லேபிலிருந்து. ஒரு கடைவாய்ப் பல்லின் நிறம் பற்றி ஒரு சந்தேகம். மூன்று நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது வாண்டு நாற்காலிமேல் முழங்காலிட்டு, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். வாயோரத்தில் பச்சைப் புல் பொடி. வாய் மென்றுகொண்டிருக்கவில்லை, முடித்திருந்தது.

பலகையின் பின்வரிசையில் ஓட்டை. பசை பிய்ந்த வட்டங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. தளபதி எண்ணினாள். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினாள், நாற்பத்து மூன்றுதான். ஐந்து பேர் இல்லை.

குழந்தையின் வாயை விரலால் துழாவினாள், ஒன்றுமில்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்து, விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள், ஒன்றுமில்லை. என்ன பண்ணினாய் என்று கேட்டதற்கு வாண்டு வெகு சாதாரணமாக ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து உறிஞ்சிக் காட்டினாள். தூரிகை நுனியைக் கூராக்க அம்மா அதை உதட்டில் வைத்து ஈரப்படுத்துவாளே, அந்தச் செய்கை. தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தது. அம்மா வாயில் வைப்பதை அவளும் வைத்தாள், அவ்வளவுதான்.

அப்புறம் எப்படி எழுந்தாள், எப்படிக் குழந்தையைத் தூக்கினாள், பலகையை ஏன் கைப்பையில் திணித்தாள் என்பதெல்லாம் அவளுக்கே பிறகு நினைவில்லை. டாக்ஸியில் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். வாண்டு சிப்பாயை விழுங்கிவிட்டாள், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். எந்த உலோகம் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் அவளைக் கொன்றது. அவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குக் குழந்தை தவழ ஆரம்பித்த அன்றே பதில் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். அவசரப் பிரிவு டாக்டரம்மா அதைத் திரையில் போட்டுக் காட்டினார். சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள், அதற்குக் கீழே வயிற்றின் நிழல், அந்த நிழலுக்குள் பளிச்சென்று வெள்ளையாக நாலு சின்ன மனிதர்கள். ஒருவன் நேராக நின்றான், ஒருவன் தலைகீழாக, இருவர் படுத்த வாக்கில். கையில் ஈட்டிகூட மயிரிழைபோல் தெரிந்தது. தன் வாழ்நாளில் தான் வரைந்த எந்தப் படையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நாலுதான் என்றார் டாக்டர். ஐந்தாவது வழியில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று தளபதியும் அந்த நேரத்தில் நம்பினாள், நம்ப ஆசைப்பட்டாள்.

வீட்டுக்காரர் வேலைச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறையோடு வந்து சேர்ந்தார். டாக்டர் இருவரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். வெள்ளீயம் மாதிரி உலோகமாக இருந்தால் கவலையில்லை, சின்னப் பொருள்தான், இரண்டு நாளில் தானே வெளியே வந்துவிடும். காரீயம் என்றால் காத்திருக்க முடியாது. வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏற ஆரம்பித்துவிடும். உடனே மயக்கம் கொடுத்துக் குழாய் இறக்கி எடுக்க வேண்டும். ஆனால் குழந்தையின் நெஞ்சில் இவ்வளவு சளியும் இழுப்பும் இருக்கும்போது மயக்கம் கொடுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை, மூச்சு சிக்கலாகிவிடலாம். தேவையில்லாமல் அதைச் செய்யத் தனக்கு விருப்பமில்லை.

"அதனால கேக்கறேன். இது எது?" என்றார் டாக்டர்.

"வெள்ளீயம்தான் டாக்டர். காரீயம் நாங்க வீட்டுக்குள்ளயே விடறதில்ல" என்றார் வீட்டுக்காரர். எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார்.

டாக்டர் தளபதியைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அவர் முகம் இப்படியே இருக்கும். குழந்தையைக் குழாய் போட்டுக் குடைய மாட்டார்கள். ஒருவேளை அந்த நாலு பேரும் புதிய வார்ப்பாகவே இருக்கலாமே, கலந்துதானே ஒட்டினாள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"தெரியல" என்றாள்.

வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து பலகையை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தாள். பின்வரிசையில் பழையதும் புதியதும் கலந்திருக்கிறது, பழையது காரீயம், தான்தான் வாங்கி வந்தது, யாரிடமும் சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். வெள்ளைத் தாள் ஒன்று கேட்டாள். காரீயம் மெத்தென்றது, சுரண்டித் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு விழும், மற்றது அப்படி விழாது. மீதி ஏழு பேரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள், அவர்களைப் பார்த்தால் போனவர்கள் யாரென்று ஓரளவு தெரியும் என்றாள்.

முதல் ஆளைப் பிடுங்கினாள். அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டி, தாளில் அழுத்தி இழுத்தாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி இழுத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது.

டாக்டர் மூச்சை விட்டார். வீட்டுக்காரரின் தோள் தளர்ந்தது. இதோடு நிறுத்திவிடலாம் என்று தளபதியின் உடம்பு முழுக்கக் கெஞ்சியது. நிறுத்தினால் யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. வாண்டு அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் அந்தப் பூனை உறுமிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது ஆளை எடுத்தாள். சாம்பல் கோடு விழுந்தது, பள்ளிக்கூடப் பென்சிலில் போட்ட மாதிரி. மூன்றாவது, கோடு. நாலாவது, கோடு. ஏழாவது ஆள் முடிந்தபோது தாளில் ஆறு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"காரீயம்தான் டாக்டர். எடுத்துடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வேகம். மயக்க மருந்து டாக்டர் வந்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார், புகைமருந்து கொடுத்தார், காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வாண்டை உள்ளே கொண்டு போகும்போது அவள் அப்பாவின் பொத்தானை விடவில்லை; ஒரு நர்ஸ் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். கதவு சாத்திக்கொண்டது. வீட்டுக்காரர் ஜன்னலோரம் போய் நின்றார். தளபதி பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வாய்க்கு வந்தபடி பேசட்டும் என்று காத்திருந்தாள். அவர் கையிலிருந்த கிரீஸ் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை மூச்சு விடுகிறதா என்று விரலை வைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. கடவுளிடம் பேரம் பேசினாள். தூரிகைகளையெல்லாம் ஒடித்து எறிந்துவிடுகிறேன் என்றாள், அது போதாதென்று தோன்றி, கையையே எடுத்துக்கொள் என்றாள்.

அரை மணி கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். உள்ளே நாலு பேர், சிவப்புக் கேடயத்தின் வண்ணம் பாதி கரைந்து போய்க் கிடந்தார்கள். எடுத்தாகிவிட்டது, மூச்சு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அதனால் சீக்கிரம் எழுப்பிவிடப் போகிறோம் என்றார்.

தளபதி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர். நாலு ஈட்டி. ஏதோ ஒன்று உறுத்தியது. முன்பு திரையில் பார்த்த படத்தை மனசுக்குள் மறுபடி கொண்டு வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருபது வருஷம் இவர்களையே பார்த்தவள். படுத்துக் கிடந்த இருவரில் ஒருவன் மற்றவர்களைவிடத் தடிப்பாக இருந்தான். அவன் தலைக்கு மேலே இரண்டு கூர் இருந்தது.

"இன்னும் எழுப்பாதீங்க டாக்டர். அஞ்சு பேர்" என்றாள்.

படத்தில் நாலுதான் இருந்தது, நாலும் வந்துவிட்டது, ஒவ்வொரு நிமிஷமும் குழந்தையின் நெஞ்சுக்குச் சுமை என்றார் டாக்டர். அவர் குரலில் பொறுமை தீர்ந்திருந்தது. தளபதி ஒருவன்மேல் ஒருவன் படுத்திருப்பதாகவும், ஒரு ஆளுக்கு ஒரு ஈட்டிதான் என்றும், இரண்டு கூரைத் தான் பார்த்ததாகவும் திக்கித் திக்கிச் சொன்னாள். சொல்லச் சொல்லவே அவளுக்கே சந்தேகம் வந்தது. ஐந்தாவது ஆள் டாக்ஸி சீட்டில் கிடந்தால்? கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தால்? இல்லாத ஒருவனைத் தேடச் சொல்லி, மூச்சு முட்டுகிற குழந்தையை மயக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்கிறாளா? இன்றைக்கு அவள் பேச்சை யார் நம்ப வேண்டும்?

டாக்டரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் பேசுகிற தாயை விட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்றவரைப் பார்த்தார்.

வீட்டுக்காரர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். மனைவியைப் பார்க்காமலே பேசினார்.

"எங்கிட்ட இவ பொய் சொல்லியிருக்கா டாக்டர். ஆனா எண்ணிக்கையில ஒரு நாளும் தப்பு சொன்னதில்ல. அஞ்சுன்னா அஞ்சுதான். பாருங்க."

டாக்டர் அவர்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்ப் படத்தை மறுபடி திரையில் போட்டார். பெரிதாக்கினார். தளபதி விரலை நீட்டினாள். தடித்தவன் தலைமேல் இரண்டு கூர் தெரிந்தது. டாக்டர் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

பதினோரு நிமிஷம். சுவர்க் கடிகாரத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பதினோரு நிமிஷத்தில் அவள் தன் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்றும் வேண்டினாள், தப்பாக இருக்க வேண்டும் என்றும் வேண்டினாள். உள்ளே ஏதோ இயந்திரம் ஒரு தடவை வேகமாகக் கத்தி ஓய்ந்தபோது வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது மாடியில் எட்டிப் பார்க்கிறவர் பிடிமானம் தேடுவதை அன்றுதான் அவள் பார்த்தாள்.

நர்ஸ் கதவைப் பாதி திறந்து, "இருந்ததும்மா, மடிப்புல ஒளிஞ்சிருந்தான். எடுத்தாச்சு" என்றார்.

அப்புறம் வாண்டின் அழுகை கேட்டது. கரகரவென்று, கோபமாக, நல்ல முழு அழுகை. ரத்தப் பரிசோதனை இருக்கிறது, இரண்டு வாரம் விட்டு மறுபடி ஒன்று இருக்கிறது, வீட்டில் அந்தப் பால்கனியை, மேசையை, ஒவ்வொரு மூலையையும் துடைத்தெடுக்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். பயம் முடியவில்லை, இனி அது வீட்டோடு இருக்கும் என்று தளபதிக்குப் புரிந்தது. வீட்டுக்காரர் உள்ளே போய்க் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

தளபதி வாசலில் நின்றுவிட்டாள். வாண்டு அவளைப் பார்த்துவிட்டு, அம்மா அம்மா என்று கையை நீட்டி அழுதாள். தளபதி தன் கைகளைப் பார்த்தாள். சுரண்டிய விரல் நுனிகள், நகத்தின் அடி, எல்லாம் சாம்பல் நிறம். திரும்பி நடந்து, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த தொட்டியில் குழாயைத் திறந்தாள். சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணைத் தேய்த்தாள், முழங்கை வரை தேய்த்தாள், தோல் சிவந்து எரிகிற வரை தேய்த்தாள். கழுவிய பிறகும் சாம்பல் இருக்கிற மாதிரியே தெரிந்தது. மறுபடி சோப்பை எடுத்தாள். எத்தனையாவது தடவை என்று, எதையும் எண்ணாமல் விடாத அவள், எண்ணவில்லை.

பின்னால் அழுகைச் சத்தம் நெருங்கி வந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று, குழாயை மூடினார்.

"சொல்லியிருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"தெரியும்" என்றாள்.

"இனிமே நானும் கேப்பேன். ஒவ்வொரு டப்பாவுக்கும் கேப்பேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"போதும் கழுவினது. புள்ளையப் புடி, உன்னைத்தான் கேக்கறா" என்றார்.

அவள் கைகளைப் புடவையில் துடைக்கப் போய், புடவையிலும் தூள் இருக்குமோ என்று பயந்து, அப்படியே ஈரத்தோடு நீட்டினாள். வாண்டு தாவி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.